ஜாவா முன்வெளியீட்டில் மென்பொருள் இடறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஜாவா என்னும் நிரல்மொழியின் புதிய பதிப்பு ஆண்டுக்கு இரு முறை, மார்ச் மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் வெளிவருகிறது. 2018 மார்ச்சில் வந்த ஜேடிகே 10 (ஜேடிகே என்பது ஜாவா நிரலைத் தொகுக்கவும் ஓட்டவும் வேண்டிய கருவித் தொகுப்பு; அதன் எண்ணே ஜாவாவின் பதிப்பு எண்) முதல் இந்த ஒழுங்கு நிலைத்துவிட்டது. ஒவ்வொரு பதிப்புக்கும் பல மாதங்களுக்கு முன்பிருந்தே ‘ஏர்லி ஆக்சஸ்’ எனப்படும் முன்வெளியீடுகள் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கித் தங்கள் மென்பொருளை அதில் ஓட்டிப் பார்க்கலாம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் புழங்கும் செம்பனைக் குலை எடைப் பதிவு மென்பொருளையும், தமிழ்ப்பள்ளி நூலகப் பட்டியல் மென்பொருளையும் திறமூலமாகப் பராமரிக்கும் நாங்கள் சிலர் இந்தச் சோதனையை விடாமல் செய்து வருகிறோம். கணினித் துறையில் வேலை செய்பவர் யாரும் இல்லாத தோட்ட அலுவலகத்தில் ஒரு நாள் மென்பொருள் திறக்காமல் போனால், அன்றைய எடைச் சீட்டுகள் தேங்கிவிடும். அந்தச் சீட்டுகளை நம்பித்தான் கூலிக் கணக்கு இருக்கிறது. ஆகவே பிழை அங்கே போய்ச் சேருமுன் இங்கேயே பிடிபட வேண்டும்.

முன்வெளியீட்டில் ஒரு சோதனை தோற்றவுடன், எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்பதற்கு முன்னால், இது யாருடைய பிழை என்று தீர்மானிக்க வேண்டும். நம் நிரலின் பிழையாக இருக்கலாம். நாம் சார்ந்திருக்கும் நூலகமோ (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுதி), கிரேடில், மேவன் போன்ற கட்டமைப்புக் கருவியோ (நிரலைத் தொகுத்து மென்பொருளாக ஆக்கித் தருவது) இன்னும் தயாராகாமல் இருக்கலாம். அரிதாக, ஜாவாவே பிழைபட்டிருக்கலாம். இந்த மூன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு வேறு. அறிகுறியைச் சரியாகப் படித்தால், போக வேண்டிய இடம் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

காலமும் முக்கியம். செப்டம்பர் வெளியீட்டுக்கு ஜூன் மாதத்திலும், மார்ச் வெளியீட்டுக்கு முந்தைய டிசம்பரிலும் முதல் ஒடுக்கக் கட்டம் தொடங்குகிறது. அதன்பின் புதிய வசதிகள் சேர்வதில்லை, பிழைத்திருத்தம் மட்டுமே நடக்கும். ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து வரும் இரண்டாம் கட்டத்தில் மிகக் கடுமையான பிழைகள் மட்டுமே கவனிக்கப்படும். அதற்கும் பிறகு, ஆகஸ்டிலோ பிப்ரவரியிலோ, வெளியீட்டையே தடுக்கக்கூடிய பிழையைத் தவிர வேறு எதுவும் ஏற்கப்படாது. ஆகவே முதல் கட்டம் தொடங்கும் வாரமே சோதனைக்கு மிகப் பொருத்தமான வாரம்: வசதிகள் உறைந்துவிட்டன, திருத்தவும் இன்னும் நேரம் இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு பிரிப்பு

சோதனையை இரண்டு படிகளாகப் பிரியுங்கள். முதல் படியில், பழைய ஜேடிகேயில் தொகுத்த, அதாவது ஜாவா ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிய, அதே கோப்புகளை எதையும் மாற்றாமல் புதிய இயக்கச் சூழலில் (நிரலை ஓட்டும் ஜாவாவில்) ஓட்டிப் பாருங்கள். அது தேறிய பிறகே இரண்டாம் படியாகப் புதிய தொகுப்பியைக் கொண்டு மறுபடி தொகுத்து ஓட்டுங்கள். முதல் படியில் தோற்றால் இயக்கச் சூழலின் மாற்றம் காரணம். முதலில் தேறி இரண்டாவதில் தோற்றால் தொகுப்பியோ கட்டமைப்புக் கருவியோ காரணம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுக் காரணம் தேடுவது வீண் அலைச்சல்.

அறிகுறி: காப்பகம் விரியவில்லை, அல்லது ஜாவா தொடங்கவே இல்லை

முன்வெளியீட்டுக் காப்பகம் ஏறத்தாழ 200 எம்பி அளவுடையது. பிற்பகல் இடிமழையில் இணைப்பு அறுந்தால், பாதி இறங்கிய கோப்பு முழுக் கோப்பைப் போலவே கோப்புறையில் அமர்ந்திருக்கும். விரிக்கும்போது கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தால் ஜாவாவைச் சந்தேகிக்காதீர்கள். தளத்தில் தரப்பட்டுள்ள ஷா-256 சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் ஷா256சம் கட்டளையும், விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையும் இதற்குப் போதும். ஒருவர் இறக்கிச் சரிபார்த்த கோப்பைப் பென்டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். பழைய முன்வெளியீடுகளை அழிக்காமல் வைத்திருப்பதும் நல்லது. அதன் பயன் பின்னால் வரும்.

கோப்பு சரியாக இருந்தும் அலுவலகக் கணினியில் ஜாவா தொடங்கவில்லை என்றால், அந்தக் கணினியின் விண்டோஸ் 32 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸுக்கான ஆதரவு ஜேடிகே 21இல் கைவிடப்படவுள்ளதாக அறிவிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் வந்த ஜேடிகே 24இல் முற்றாக நீக்கப்பட்டது. தோட்ட அலுவலகங்களில் பழைய கணினிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பழைய பதிப்பையே நிலைநிறுத்திவிட்டு, அதை நிறுவல் குறிப்பில் தெளிவாக எழுதி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அறிகுறி: வகுப்புக் கோப்பின் எண் பற்றிய பிழைச்செய்தி

முன்வெளியீட்டுச் சோதனையில் மிக அதிகமாகக் காணும் பிழை இது. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. ஒவ்வொரு ஜாவா பதிப்பும் தான் தொகுத்துத் தரும் கோப்பில், அதாவது வகுப்புக் கோப்பில், ஓர் எண்ணைப் பதிக்கிறது. பதிப்பு எண்ணோடு 44ஐக் கூட்டினால் அந்த எண் கிடைக்கும்: ஜாவா 8க்கு 52, 17க்கு 61, 21க்கு 65, 25க்கு 69. இந்தக் கணக்கு கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இதில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு செய்திகள் உண்டு. அவற்றின் பொருளோ நேர் எதிரானது. ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எர்ரர்’ என்று ஜாவாவே சொன்னால், புதிய தொகுப்பியில் தொகுத்ததைப் பழைய ஜாவாவில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். அதாவது நீங்கள் நிறுவிய முன்வெளியீடு உண்மையில் ஓடவில்லை, பாதையில் முன்னால் நிற்கும் பழைய ஜாவாதான் ஓடுகிறது. எந்த ஜாவாவை ஓட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் ஜாவா ஹோம் மாறியையும் பாதை மாறியையும் பார்த்து, பதிப்பைக் கேட்கும் கட்டளையின் விடையில் ‘ஈஏ’ என்னும் பின்னொட்டு வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

அதற்கு மாறாக, ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன்’ என்ற செய்தி ஏஎஸ்எம், பைட் பட்டி, குரூவி போன்ற ஒன்றின் பெயரோடு வந்தால், வகுப்புக் கோப்பை வாசிக்கும் அந்த நூலகத்துக்குப் புதிய எண் இன்னும் அறிமுகமாகவில்லை. உங்கள் நிரலில் குறை எதுவும் இல்லை. முதலில் அந்த நூலகத்தின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது நீங்கள் நேரடியாகச் சேர்த்ததாக இல்லாமல், மோக்கிட்டோ என்னும் சோதனை நூலகம் போன்ற வேறொன்றின் வழியாக உள்ளே வந்திருக்கலாம்; மேவனின் சார்பு மரத்தை அச்சிட்டுப் பார்த்தால் யார் இழுத்து வந்தது என்று தெரியும். பைட் பட்டிக்கு ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்னும் தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் அறியாத எண்ணையும் ஏற்றுக்கொண்டு வேலை செய்யும். சோதனையைத் தொடர அது உதவும். பயனர் கைக்குப் போகும் வெளியீட்டில் அதை வைக்கக் கூடாது.

கிரேடில் பயன்படுத்துவோர் இங்கே தனிக் கவனம் கொள்ள வேண்டும். கிரேடிலே புதிய ஜாவாவின் மேல் ஓடும்போது, அதன் கட்டமைப்புக் கோப்பைத் தொகுக்கும் நிலையிலேயே இந்தப் பிழை வந்து நின்றுவிடும். உங்கள் சோதனை ஒன்றுகூடத் தொடங்கியிருக்காது. கிரேடிலை அது ஆதரிக்கும் ஜாவாவிலேயே ஓட விட்டு, ‘டூல்செயின்’ வசதியின் மூலம் சோதனைகளை மட்டும் முன்வெளியீட்டில் ஓட்டுங்கள். மேவனில் ஷ்யூர்ஃபயர் செருகியின் ‘ஜேவிஎம்’ அமைப்பில் புதிய ஜாவாவின் பாதையைக் கொடுத்தாலும் இதே பலன் கிடைக்கும்.

அறிகுறி: தொகுக்கும்போதே நிற்கிறது

மூலநிலை 7 இனி ஏற்கப்படாது என்ற செய்தி வந்தால், கட்டமைப்புக் கோப்பில் யாரோ எப்போதோ எழுதிய எண் அப்படியே கிடக்கிறது. ஜேடிகே 20 முதல் 8தான் கீழ் எல்லை. எண்ணை உயர்த்துங்கள், உயர்த்தும்போது பழைய சோர்ஸ், டார்கெட் தெரிவுகளை விட்டுவிட்டு ‘ரிலீஸ்’ தெரிவைப் பயன்படுத்துங்கள். அது மொழியின் நிலையோடு நிறுத்தாமல், அந்தப் பதிப்பில் இல்லாத வகுப்புகளை அழைக்கிறீர்களா என்பதையும் சேர்த்துச் சரிபார்க்கும்.

நேற்றுவரை தொகுக்கப்பட்ட நிரலில் திடீரென நூற்றுக்கணக்கான குறியீடுகள் காணவில்லை என்று தொகுப்பி முறையிட்டால், லோம்போக் போன்ற குறிப்புரைச் செயலியை (நிரலில் இட்ட குறிப்புகளைப் பார்த்துத் தொகுக்கும்போதே நிரலைச் சேர்க்கும் கருவி) பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். ஜேடிகே 23 முதல், வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் தொகுப்பி இத்தகைய செயலிகளை ஓட்டுவதில்லை. செயலியின் பாதையைக் கட்டமைப்பில் குறிப்பிடுவது முறையான தீர்வு. ‘ப்ராக்’ தெரிவுக்கு ‘ஃபுல்’ என்று மதிப்புக் கொடுப்பது விரைவான தீர்வு.

அறிகுறி: தொகுப்பில் தேறி, ஓட்டத்தில் விழுகிறது

‘இன்அக்சஸிபிள் ஆப்ஜெக்ட் எக்செப்ஷன்’ வந்தால், ஏதோ ஒரு நிரல் ஜாவாவின் உள்ளறைக்குள் பிரதிபலிப்பு (ஓடும்போதே வகுப்புகளின் உள்ளமைப்பைத் தேடித் தொடும் முறை) வழியாகக் கையை நீட்டுகிறது. ஜேடிகே 16 அந்தக் கதவை இயல்பாக மூடியது. 17 அதைப் பொதுவாகத் திறந்து வைக்கும் தெரிவையும் எடுத்துவிட்டது. ‘ஆட்-ஓப்பன்ஸ்’ தெரிவால் குறிப்பிட்ட ஓர் அறையைத் திறக்கலாம் என்றாலும், நூலகம் எழுதுபவர் அதைப் பயனர் தலையில் சுமத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எடைப் பதிவு செய்யும் கிராணி (தோட்ட எழுத்தர்) ஏன் ஜாவாவின் தொடக்கக் கட்டளையைத் திருத்த வேண்டும்? ‘ஜேடெப்ஸ்’ கருவியை உள்ளக வகுப்புகளைத் தேடும் தெரிவோடு ஓட்டினால், எந்த வகுப்பு எதைத் தொடுகிறது என்றும், பல இடங்களில் மாற்று என்ன என்றும் சொல்லும். ஆனால் அது நேரடி அழைப்புகளைத்தான் காணும். பிரதிபலிப்பு வழியாக நடப்பதைச் சோதனையை ஓட்டித்தான் காண முடியும்.

‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எர்ரர்’ வந்தால், நீக்கப்பட்ட ஒன்றை நம்பியிருக்கிறீர்கள். ஜாவா 8இலிருந்து நேராகத் தாவுவோருக்கு எக்ஸ்எம்எல் பிணைப்பு வகுப்புகள் காணாமல் போயிருக்கும். அவை ஜேடிகே 11இல் நீங்கின. நாஷோர்ன் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் 15இல் நீங்கியது. இரண்டையும் தனி நூலகமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

‘அன்சப்போர்ட்டட் ஆப்பரேஷன் எக்செப்ஷன்’ வந்தால், அழைப்பின் பெயர் இன்னும் இருக்கிறது, உயிர் இல்லை என்று பொருள். இழையை (நிரலுக்குள் தனியே ஓடும் வேலையை) வலிந்து நிறுத்தும் அழைப்பு ஜேடிகே 20இல் இந்த நிலைக்கு வந்தது. நிரல் செய்யக் கூடியதைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு மேலாளரை நிறுவும் அழைப்பு 18இல் இயல்பாகவும், 24இல் விலக்கே இல்லாமலும் இந்த நிலைக்கு வந்தது. சோதனையின் நடுவில் நிரல் வெளியேறிவிடாமல் தடுக்கப் பாதுகாப்பு மேலாளரைப் பயன்படுத்தும் பழக்கம் பலரிடம் இருந்தது. அந்தச் சோதனைகளை வேறு வகையில் எழுதத்தான் வேண்டும்.

பதிப்பு எண்ணைப் பிரித்துப் படிக்கும் நிரல் முன்வெளியீட்டில் மட்டும் விழுவதுண்டு. எண்ணுக்குப் பின் வரும் ‘ஈஏ’ ஒட்டை அது எதிர்பார்ப்பதில்லை. எழுத்துச்சரத்தை வெட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, இயக்கச் சூழலிடமே பதிப்பின் முதன்மை எண்ணைக் கேளுங்கள்.

அறிகுறி: எல்லாம் தேறுகிறது, எச்சரிக்கை மட்டும் வருகிறது

பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, ஓட்டத்தின் செய்திகள் பதிவாகும் பதிகையை மூடிவிடாதீர்கள். இன்றைய எச்சரிக்கை பின்னால் வரும் ஒரு பதிப்பில் பிழையாக மாறுவதுதான் ஜாவாவின் நடைமுறை. ஓட்டத்தின் நடுவில் முகவர் நூலகத்தை (ஓடும் நிரலை மாற்றவல்ல நூலகம்) ஏற்றுவதற்கான எச்சரிக்கை ஜேடிகே 21இல் தொடங்கியது. மோக்கிட்டோ பயன்படுத்துவோர் அதைக் கண்டிருப்பார்கள். ‘அன்சேஃப்’ வகுப்பின் நினைவக அழைப்புகளுக்கும், ஜாவாவுக்கு வெளியே உள்ள சி நூலகங்களை அழைப்பதற்குமான எச்சரிக்கைகள் 24இல் தொடங்கின. எச்சரிக்கை வரியில் எந்த நூலகம் என்பது பெரும்பாலும் எழுதியே இருக்கும்; அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே யாரும் முறையிட்டிருக்கிறார்களா என்று தேடிவிட்டு, இல்லாவிட்டால் நீங்கள் தெரிவியுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்து குலைகிறது

இது நம் மென்பொருள்களுக்கே உரிய பகுதி. மற்ற மொழியினரின் சோதனையில் பெரும்பாலும் அகப்படாது. 2022 மார்ச்சில் வந்த ஜேடிகே 18 முதல், எந்தக் குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) என்று சொல்லாமல் கோப்பைத் திறந்தால் ஜாவா அதை ஒருங்குறிக்கான யூடிஎஃப்-8 என்றே கொள்கிறது. அதற்கு முன் அது இயங்குதளத்தின் குறியாக்கத்தைப் பின்பற்றியது; மேலை ஐரோப்பிய அமைப்பில் உள்ள விண்டோஸில் அது விண்டோஸ்-1252. இந்த மாற்றம் தமிழுக்கு மொத்தத்தில் பெரும் நன்மை. ஆயினும் பழைய தரவு வைத்திருப்போர் அதைக் கடந்து வர வேண்டும்.

ஒரு தோட்ட அலுவலகத்தில் ஜாவா 11ஐ எடுத்துவிட்டு 21ஐ நிறுவிய அன்று, அங்குள்ள பெரியவர் தொலைபேசியில், “தம்பி, ஆளுங்க பேரெல்லாம் ஒரு மாதிரியா வருதுப்பா” என்றார். “கிராணி ஐயா, கேள்விக்குறியா வருதா, கட்டமா வருதா, கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறியா வருதா?” என்று நான் கேட்டதும், அவர் திரையைப் பார்த்து, வைரம் என்றார். காரணம் அந்த விடையிலேயே தெரிந்துவிட்டது.

குலைந்த எழுத்தின் உருவமே அறிகுறி. வெறும் கேள்விக்குறிகள் வந்தால், எழுதும்போது இழப்பு நேர்ந்துள்ளது: தமிழ் எழுத்துக்கு இடமில்லாத குறியாக்கத்தில் கோப்பு சேமிக்கப்பட்டது, மூலத் தரவு அந்தக் கோப்பில் இனி இல்லை. வெற்றுக் கட்டங்கள் வந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, எழுத்துரு மட்டும் இல்லை. தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும் வட்டத்துக்குள் எழுத்து கொண்ட பதிவுக் குறியும் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 கோப்பு விண்டோஸ்-1252 என்று தவறாக வாசிக்கப்படுகிறது. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 224 என்னும் பைட்டில் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வருவதே இந்த உருவத்துக்குக் காரணம். கறுப்பு வைரம் வந்தால், யூடிஎஃப்-8 அல்லாத கோப்பு யூடிஎஃப்-8 என்று வாசிக்கப்படுகிறது.

இந்தக் கடைசி வகையில் வருபவை பெரும்பாலும் ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் தட்டெழுதப்பட்ட பெயர்ப் பட்டியல்கள். அக்காலத் தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் ‘தமிழ்’ என்னும் சொல் 190, 193, 162, 250 என்ற நான்கு பைட்டுகள். யூடிஎஃப்-8இல் அதே சொல் பதினைந்து பைட்டுகள். பழைய ஜாவா அந்த நான்கையும் முக்கால் பின்னக் குறி, சென்ட் குறி என்று ஐரோப்பியக் குறிகளாகவே கொண்டது; டிஸ்கி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியதால் திரையில் பெயர் சரியாகத் தெரிந்தது. புதிய ஜாவா அவற்றை முறையற்ற பைட்டுகள் என்று தள்ளி மாற்றுக்குறி வைக்கிறது.

இங்கே செய்யக் கூடாத ஒன்று உண்டு: அந்தத் திரையில் சேமி பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் மாற்றுக்குறிகளே கோப்பில் எழுதப்பட்டு, பெயர்கள் மீளாமல் போய்விடும். முதலில் கோப்பைப் படி எடுங்கள். உடனடித் தேவைக்கு ‘ஃபைல் என்கோடிங்’ தெரிவுக்கு ‘காம்பேட்’ என்று மதிப்புக் கொடுத்தால் ஜாவா பழைய வழக்கத்துக்குத் திரும்பும். நிரந்தரத் தீர்வு, கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுவது. மாற்றும் நிரலில் விண்டோஸ்-1252ஐப் பயன்படுத்தாமல் ஐஎஸ்ஓ-8859-1 என்று வாசியுங்கள். முன்னதில் ஐந்து பைட்டுகளுக்குக் குறியே இல்லாததால் அவை வழியில் தொலையக்கூடும், பின்னதில் 256 பைட்டுகளும் அப்படியே வந்து சேரும். பிறகு அட்டவணைப்படி எழுத்துகளை மாற்றுங்கள். டிஸ்கியில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன்னால் நிற்கும். ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தை விட்டுவிட்டால் பெயர்களில் கொம்புகள் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கோப்பில் தமிழ் சரியாக இருந்து, கட்டளைச் சாளரத்தில் மட்டும் குலைந்தால் அது வேறு சிக்கல். சாளரத்துக்குரிய குறியாக்கம் தனி. விண்டோஸில் குறிப்பக்கத்தை 65001க்கு மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: தேதியோ நேரமோ பிசகுகிறது

நேரத்தை எழுத்துச்சரமாக ஒப்பிடும் சோதனை, இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தும் தோற்றால், இடைவெளியைச் சந்தேகியுங்கள். ஜேடிகே 20இல் மொழித் தரவு புதுப்பிக்கப்பட்டபோது, அமெரிக்க ஆங்கில நேர வடிவத்தில் முற்பகல், பிற்பகல் குறிகளுக்கு முன் வரும் சாதாரண இடைவெளி, குறுகிய பிரியா இடைவெளியாக மாறியது. ஜேடிகே 23 முதல், தளர்ந்த முறையில் வாசித்தால் இரண்டு இடைவெளியும் ஏற்கப்படும். ஆனால் புதிய தேதி நூலகம் இயல்பாகக் கண்டிப்பான முறையிலேயே வாசிக்கிறது. கணினிகளுக்கிடையே பரிமாறும் நேரத்தை மொழி சார்ந்த வடிவத்தில் எழுதாமல் இருப்பதே சரி.

பிறந்த தேதி ஒரு நாள் பின்னுக்குப் போனால், பிறந்த ஆண்டைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி 1 அன்றுதான் உலக நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னதாக ஆனது. அதற்கு முன் ஏழரை மணி நேரம். 1975இல் பிறந்தவரின் நள்ளிரவை எட்டு மணி நேர வேறுபாட்டில் கணக்கிட்டுச் சேமித்து, கோலாலம்பூர் நேர வலயத்தில் திரும்ப வாசித்தால் முந்தைய நாள் இரவு 11.30 என்று வரும். ஒவ்வொரு ஜேடிகேயும் தன் நேர வலயத் தரவைத் தானே சுமந்து வருவதால், இரண்டு பதிப்புகளின் விடை மாறுபட்டால் அந்தத் தரவின் பதிப்பையும் ஒப்பிடுங்கள். பிறந்த தேதியை நேரமாகச் சேமிக்காமல் நேரமற்ற தேதியாகவே சேமித்தால் இந்தப் பிழைக்கு இடமில்லை.

அறிகுறி: சில ஓட்டங்களில் தேறுகிறது, சிலவற்றில் தோற்கிறது

பெரும்பாலும் வரிசையை நம்பிய சோதனை. மாற்ற முடியாத கணத்தின் (‘செட்’ எனப்படும் தரவுத் தொகுதியின்) உறுப்புகள் ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு வரிசையில் வருவது ஜேடிகே 9 முதல் வேண்டுமென்றே செய்யப்பட்டது. அதே சோதனையைப் பழைய ஜாவாவிலும் பலமுறை ஓட்டுங்கள். அங்கும் தோற்றால் முன்வெளியீட்டுக்கு இதில் பங்கில்லை.

அறிகுறி: ஜாவாவே விழுகிறது

இயக்கம் திடீரென நின்று, கோப்புறையில் ‘எச்எஸ் எர்’ என்று தொடங்கும் கோப்பு கிடந்தால் அதைத் திறந்து, சிக்கலான சட்டகம் (‘ப்ராப்ளமேட்டிக் ஃப்ரேம்’, அதாவது விழுந்த நேரத்தில் ஓடிய நிரல் பகுதி) எது என்று சொல்லும் வரியைப் படியுங்கள். அங்கே வெளி நூலகத்தின் பெயர் இருந்தால் அந்த நூலகத்தாரிடம் போங்கள். ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) நூலகத்தின் பெயரோ, தொகுத்த ஜாவா நிரலோ இருந்தால், ஓட்டநேரத் தொகுப்பியை அணைக்கும் ‘எக்ஸ்இன்ட்’ தெரிவோடு ஒருமுறை ஓட்டுங்கள். விழுவது நின்றால் ஓட்டநேரத் தொகுப்பியின் மேல் சந்தேகம் வலுக்கிறது. அழிக்காமல் வைத்த பழைய முன்வெளியீடுகள் இப்போது உதவும்: முன்வெளியீட்டின் எந்தக் கட்டமைப்பு எண்வரை (‘பில்ட்’ எண்) தேறியது, எந்த எண்ணிலிருந்து விழுகிறது என்று குறுக்கிக்கொண்டே வந்தால், பிழையைப் புகுத்திய மாற்றத்தை ஓப்பன்ஜேடிகே பொறியாளர்கள் எளிதில் கண்டுபிடிப்பார்கள்.

அறிக்கை எழுதும்போது, பதிப்புக் கட்டளையின் முழு விடை, இயங்குதளம், தேறிய கடைசிக் கட்டமைப்பு, உங்கள் மென்பொருள் இல்லாமலேயே பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரல் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். தனிநபர் பெயர்ப் பட்டியல் எதையும் இணைக்காதீர்கள். பெயர் தேவைப்பட்டால் கற்பனைப் பெயரை இடுங்கள். திறமூலத் திட்டம் என்றால் ஓப்பன்ஜேடிகேயின் ‘குவாலிட்டி அவுட்ரீச்’ முயற்சியிலும் சேரலாம். முன்வெளியீடுகளில் சோதிக்கும் திட்டங்களுக்காகவே அது நடத்தப்படுகிறது.

இந்தச் சோதனையைத் தானியங்கி ஓட்டத்தில் சேர்க்கும்போது, முதல் ஒடுக்கக் கட்டம்வரை அது தோற்றாலும் மற்ற வேலையைத் தடுக்காதபடி அமையுங்கள். அந்தக் கட்டம் தொடங்கிய நாள் முதல், அது தோற்றால் வெளியீடும் நிற்கும்படி மாற்றுங்கள்.